வரிசையில் நிற்பவருக்கு எந்த விதி?

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, மஹாளய அமாவாசை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணத்துக்குக் கூட்டம் நெரிகிற நாள். அன்று காலை இந்திய நேரப்படி 9.31 மணிக்கு, அமெரிக்க அதிபர் டிரம்ப் இரண்டு நாள் முன்பு கையெழுத்திட்ட பிரகடனம் அமலுக்கு வந்தது. ஹெச்1பி விசாவில் புதிதாக ஒருவரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கையெழுத்தானது வெள்ளிக்கிழமை, அவர்கள் ஊர்க் கணக்கில் ஞாயிறு பிறந்த நிமிடமே அமல். இடையில் கிடைத்த ஒன்றரை நாளில், ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கும் இது பொருந்துமா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை என்று வர்த்தக அமைச்சர் லட்னிக் சொன்னார். ஒரே முறைதான், அதுவும் புதிய விண்ணப்பத்துக்கு மட்டும்தான் என்று மறுநாள் வெள்ளை மாளிகை திருத்தியது. அதற்குள் மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கும் தங்கள் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லிவிட்டன. விடுப்பில் ஊர் வந்திருந்தவர்கள் காரியத்தைப் பாதியில் விட்டு டிக்கெட் தேடினார்கள். அந்தப் பதற்றம் ஒரு வாரத்தில் அடங்கியது. ஆனால் அது வெளிப்படுத்திய கேள்வி அடங்கவில்லை. ஒரு நாடு தன் விதியை மாற்றும்போது, பழைய விதியை நம்பி ஏற்கெனவே வரிசையில் நிற்பவருக்கு அது என்ன கடமைப்பட்டிருக்கிறது?

இந்தக் கேள்வியைத் திருச்சியிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. 1844-இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1951-இல் வந்த ஜமால் முகமது கல்லூரி, 1964-இல் துவாக்குடியில் எழுந்த மண்டலப் பொறியியல் கல்லூரி, அதே பத்தாண்டில் உற்பத்தியைத் தொடங்கிய பெல் தொழிற்சாலை என்று படிப்பையே முதலாக வைத்து வளர்ந்த ஊர் இது. ஆர்.இ.சி. என்றே பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் அந்தக் கல்லூரி 2003-இல் என்.ஐ.டி. ஆனது. அங்கே எம்.சி.ஏ. படித்த என்.சந்திரசேகரன் டி.சி.எஸ். தலைமைக்கும், பிறகு டாடா குழுமத் தலைமைக்கும் உயர்ந்தார். ஹெச்1பி விசாவை அதிகம் பயன்படுத்திய நிறுவனங்களில் டி.சி.எஸ். ஒன்று. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும், ஆற்றுக்கு இக்கரையில் தில்லைநகரிலும், பிள்ளை அமெரிக்காவில் இருக்கும் வீடு என்பது எப்போதோ சாதாரணச் செய்தியாகிவிட்டது. ஸ்ரீரங்கத்து அடுக்குமாடிகளில் தனியாக இருக்கும் முதியவர்களும் ‘பிரயாரிட்டி டேட்’, ‘ஐ-140’, ‘ஸ்டாம்பிங்’, ‘ஈஏடி’ என்று சரளமாகப் பேசுகிறார்கள். வரன் பார்க்கும்போது நட்சத்திரம், கோத்திரத்துக்கு அடுத்து விசாவின் நிலையைக் கேட்கிறார்கள். ஒரு வெளிநாட்டு அலுவலகம் விதியை எப்படி எழுதுகிறது என்பது இங்கே குடும்ப விஷயம்.

இனி விஷயத்துக்கு வருவோம். தன் எல்லைக்குள் யார் வரலாம், எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அமெரிக்கா நாளையே ஹெச்1பி திட்டத்தை மூடிவிட்டாலும், இனி போக நினைப்பவர் வருத்தப்படலாம். உரிமை கோர முடியாது. ஆனால் ஏற்கெனவே விண்ணப்பத்தை வாங்கி, கட்டணம் பெற்று, தகுதியைச் சோதித்து, ‘உன் இடம் இது’ என்று ஒரு தேதியையும் குறித்துக் கொடுத்த பிறகு, அந்த மனிதரை ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிக்கொண்டே விதிகளை மாற்றுவது வேறு விஷயம். முதலாவது கொள்கை. இரண்டாவது வாக்கு மீறல். குடியேற்றம் பற்றிய விவாதங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. அந்தக் குழப்பத்தில் நசுங்குபவர்கள் வரிசையின் நடுவில் நிற்பவர்கள்.

வரிசை எப்படி இவ்வளவு நீண்டது? 1990-இல் மூத்த புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், வேலை அடிப்படையிலான நிரந்தர வசிப்புரிமைக்கு ஆண்டுக்கு 1,40,000 இடங்களை வைத்தது. எந்த நாட்டில் பிறந்தவர்களும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் பெறக் கூடாது என்பது உச்சவரம்பு. முதுகலைப் பட்டதாரிகள் பெரும்பாலும் வரும் இபி-2 பிரிவில் சுமார் 40,000 இடங்கள். அதில் இந்தியாவின் பங்கு சுமார் 2,800. மனைவியும் குழந்தைகளும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். மற்ற நாட்டவர் எடுக்காமல் விட்ட இடங்கள் மிஞ்சினால் கொஞ்சம் கூடும். இதே நாடு ஒவ்வோர் ஆண்டும் அங்கீகரிக்கும் ஹெச்1பி விண்ணப்பங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்களுடையவை. தற்காலிக வேலைக்கான வாசலில் நாட்டுக் கணக்கு கிடையாது. நிரந்தரமாகத் தங்கும் வாசலில் மட்டும் உண்டு. விளைவு என்னவென்றால், 2025-இல் இபி-2 பிரிவில் இந்தியர்களுக்கு நகர்ந்துகொண்டிருந்த தேதி 2012, 2013-ஆம் ஆண்டுகளுடையது. வேலை அடிப்படையிலான வரிசையில் 2023-இல் 18 லட்சம் பேர் நின்றதாகவும், அதில் 11 லட்சம் பேர் இந்தியர் என்றும், புதிதாகச் சேரும் இந்தியர் 134 ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்றும் வாஷிங்டனின் கேட்டோ ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2000-களின் முதல் பாதியில் இந்தியர்களுக்கும் தேதி பெரும்பாலும் ‘கரண்ட்’ ஆகவே, அதாவது காத்திருப்பின்றியே, இருந்தது. அன்று போனவர்களைப் பார்த்துக் கிளம்பிய அடுத்த தலைமுறை இப்படியொரு வரிசையை எதிர்பார்த்திருக்க வழியில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அமெரிக்க அலுவலகங்கள் விதியை மாற்றும்போது, நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களை அநேகமாகக் காப்பாற்றத்தான் செய்கின்றன. ஆனால் நிலுவை என்று அவர்கள் சொல்வது கடைசிப் படியை. கிரீன் கார்டு என்ற நிரந்தர வசிப்புரிமைக்கு மூன்று படிகள். முதலில் நிறுவனம் தொழிலாளர் துறையிடம் சான்று கேட்கிறது. அந்த நாள்தான் பிரயாரிட்டி டேட். அடுத்து ஐ-140 மனு. மூன்றாவது ஐ-485, அதாவது வசிப்புரிமைக்கான விண்ணப்பம். முதல் இரண்டையும் ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிட்ட இந்தியர், தேதி வரும்வரை மூன்றாவது படிவத்தைக் கொடுக்கவே முடியாது. பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பவர்கூட, அந்த அலுவலகத்தின் பார்வையில், இன்னும் விண்ணப்பிக்காதவர். அதனால் பாதுகாப்பு வளையம் எப்போது போடப்பட்டாலும் அவர் அதற்கு வெளியே நிற்கிறார்.

2025-இன் மாற்றங்களில் இது துலக்கமாகத் தெரிந்தது. பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் அவர் வரிசையிலிருந்து உதிர்ந்துவிடுவார். இந்த வயதை எந்தத் தேதியைக் கொண்டு கணக்கிடுவது என்பதில் 2023 பிப்ரவரியில் ஒரு தளர்வு வந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன் ஐ-485 கொடுத்தவர்களுக்குப் பழைய கணக்கே தொடரும் என்றார்கள், நியாயம்தான். ஆனால் அப்பாவுக்குப் பிரயாரிட்டி டேட் கிடைத்தபோது சிறு குழந்தையாக இருந்து, இப்போது கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அந்த நியாயம் எட்டாது. தளர்வை நம்பித் திட்டமிட்ட குடும்பங்கள் ஒரே அறிவிப்பில் கணக்கைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. அடுத்து ஈஏடி என்ற வேலை அனுமதி. கணவரின் கிரீன் கார்டு தாமதமாவதால் மனைவியும் வேலை செய்யலாம் என்று 2015 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. அதைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது 540 நாள்வரை பழைய அனுமதி தானாக நீளும் என்ற ஏற்பாடு 2025 அக்டோபர் 30-ஆம் தேதி நின்றது. அன்றுமுதல் விண்ணப்பித்தவர், புது அட்டை வருமுன் பழையது காலாவதியானால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளியும் இரண்டு சம்பளத்தை நம்பி அமைந்த குடும்பத்தில், தாமதம் அலுவலகத்தினுடையது, தண்டம் விண்ணப்பித்தவருடையது.

அப்புறம் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் விசா முத்திரை பெறுவது. நேர்காணல் இல்லாமல் விசா புதுப்பிக்கும் ‘டிராப்பாக்ஸ்’ வசதி செப்டம்பர் தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு நின்றது. சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற உத்தரவும் அதே வாரத்தில் வந்தது. டிசம்பர் 15 முதல் ஹெச்1பி, குடும்பத்தினருக்கான ஹெச்4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் ஆராய வேண்டும் என்று முடிவானதும், இந்தியாவில் டிசம்பர் பின்பாதிக்குக் கிடைத்திருந்த நேர்காணல் தேதிகள் பல மாதங்கள் தள்ளிப்போயின. மார்கழியில் ஊர் வந்து, வைகுண்ட ஏகாதசி சேவித்து, சென்னைக்கு ஒரு நடை போய் ஸ்டாம்பிங்கும் முடித்துத் திரும்புவது ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் பலரின் வழக்கம். அந்த ஆண்டு சொர்க்கவாசல் திறந்தது டிசம்பர் 30-இல். கிளம்பி வந்தபின் தேதி போனவர்களுக்கு முன்னால் இருந்தது, வேலை கையில் இருந்தும் வேலைக்குத் திரும்ப முடியாத நிலை. இதில் சொல்லத் தயங்கும் ஒரு துயரமும் இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்ற போன் வரும்போது, புறப்பட்டால் திரும்ப முடியுமா என்று யோசிக்க வேண்டிய நிலையில் மகனோ மகளோ இருக்கிறார். மூத்த பிள்ளை வந்து காரியம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஊரில், அந்த யோசனை எவ்வளவு கொடியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

விதி மாற்றத்தை எதிர்க்க முடியாது என்பதும் உண்மையில்லை. 2007 ஜூலை மாதத்துக்கான விசா அறிக்கையில், வேலை அடிப்படையிலான ஏறக்குறைய எல்லாப் பிரிவுக்கும் தேதி ‘கரண்ட்’ என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவப் பரிசோதனை, வழக்கறிஞர் கட்டணம் என்று செலவழித்துத் தாள்களைத் தயார் செய்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி, இடம் தீர்ந்துவிட்டது, எதையும் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் செய்தது அழகான காரியம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த இந்திப் படம் பரப்பிய ‘காந்திகிரி’ முறையில், குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்குப் பூங்கொத்துகள் அனுப்பினார்கள். குவிந்த பூக்களை அவர் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருந்த காயம்பட்ட வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17-ஆம் தேதி துறை பின்வாங்கி, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களைப் பெற்றுக்கொண்டது. அறிவித்த பிறகு மறுப்பது தவறு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நீதிமன்றங்களும் இப்படிச் சொல்லியிருக்கின்றன. 2002-இல் பிரிட்டன் தொடங்கிய உயர்திறன் குடியேற்றத் திட்டத்தில் பல இந்தியர்கள் போனார்கள். பின்னாளில் விதி மாறினாலும் ஏற்கெனவே வந்தவர் தங்கி நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம் என்று திட்டத்தின் வழிகாட்டியே உறுதி தந்திருந்தது. 2006 நவம்பரில் தகுதி மதிப்பெண் முறையை மாற்றி, உள்ளே இருப்பவர்களுக்கும் பொருத்தினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டு வழக்காடினார்கள். 2008 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. நிரந்தர வசிப்புரிமைக்கான நான்கு ஆண்டுக் காத்திருப்பை ஐந்தாக்கிய மாற்றமும் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று அடுத்த ஆண்டே இன்னொரு தீர்ப்பு. அதே பிரிட்டன் 2025 நவம்பரில் ஐந்து ஆண்டைப் பத்தாக்கும் திட்டத்தை முன்வைத்து, ஏற்கெனவே வந்து உழைத்துக்கொண்டிருப்பவர்களையும் அதற்குள் இழுக்கப் பார்த்தது. பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்குப் பதினைந்து ஆண்டு. பாடம் படித்த நாடு அதை மறந்திருக்கிறது.

எல்லா நீதிமன்றங்களும் இந்தப் பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா, 2007 செப்டம்பருக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த சுமார் 20,000 விண்ணப்பங்களைக் கட்டணம் திருப்பித் தந்து ரத்து செய்வதாக அறிவித்தது. 2012-இல் கனடா, 2008 பிப்ரவரி 27-க்கு முந்தைய திறன் பணியாளர் விண்ணப்பங்களைச் சட்டம் போட்டே அழித்தது. காத்திருந்தவர்கள் சுமார் 2,80,000 பேர். கனடாவின் கூட்டரசு நீதிமன்றம் 2013-இல் அதை ஏற்றுக்கொண்டது. கட்டணம் திரும்ப வந்ததே என்று சமாதானம் சொன்னார்கள். முப்பது வயதில் விண்ணப்பித்து முப்பத்தேழில் ஒன்றுமில்லை என்றானவருக்கு, ஏழு ஆண்டை யார் திருப்பித் தருவது?

நம் நாட்டுச் சட்ட மரபு இதில் தெளிவாக இருக்கிறது. டெல்லியில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு நிலம் ஒதுக்குவதில், பதிவான தேதிப்படி முன்னுரிமை என்று இருந்ததை வேறொரு தேதிக்கு மாற்றினார்கள். நவ்ஜோதி சங்கத்தின் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம், நீண்டகால நடைமுறையை நம்பி நின்றவர்களுக்கு நியாயமான எதிர்பார்ப்பு உண்டு, அதைத் திடீரென்று கலைக்கக் கூடாது என்றது. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசுப் பணித் தேர்வு தொடங்கிய பிறகு, ஏற்கெனவே உள்ள விதி இடம் தந்தாலொழிய, தகுதி விதியை நடுவில் மாற்ற முடியாது என்று அறுதியிட்டது. போட்டித் தேர்வு எழுதிய யாருக்கும் இதன் நியாயம் புரியும். அமெரிக்க அரசை இந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது. ஆனால் நாம் கேட்பது சலுகை இல்லை, நாமே ஏற்றுக்கொண்ட நெறி என்று சொல்லும் தகுதியை அவை தருகின்றன.

கண்டிப்பும் நியாயமும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்குத் திருச்சிக்காரர்கள் தொலைவில் தேட வேண்டாம். நம் விமான நிலையத்திலிருந்து நாள்தோறும் விமானம் போகும் சிங்கப்பூர், குடியேற்றத்தில் தயவு காட்டும் நாடு இல்லை. நிரந்தர வசிப்புரிமையை எந்த அளவுகோலில் தருகிறது என்பதைக்கூட அது வெளியிடுவதில்லை, அது குறைதான். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு ‘காம்பஸ்’ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தபோது, 2022 மார்ச்சிலேயே அறிவித்து, புதியவர்களுக்கு 2023 செப்டம்பரிலிருந்தும், பாஸைப் புதுப்பிப்பவர்களுக்கு 2024 செப்டம்பரிலிருந்தும் அமல்படுத்தியது. குறைந்தபட்சச் சம்பளத்தை 5,600 வெள்ளியாக உயர்த்தியபோதும் அப்படியே. புதியவருக்கு 2025 ஜனவரி, இருப்பவருக்கு 2026 ஜனவரி. விதி கடுமையானது, ஆனால் பெட்டி கட்டவோ வேறு வேலை தேடவோ ஆளுக்கு அவகாசம் இருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை அமல் என்பது நிர்வாகத்தின் கட்டாயம் என்று யாராவது சொன்னால், சிங்கப்பூரைக் காட்டலாம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது இது: ஹெச்1பி தற்காலிக விசா, யாரும் நிரந்தரம் என்று வாக்களிக்கவில்லை, தெரிந்துதானே போனார்கள்? சட்டப் புத்தகமே இதற்குப் பதில் சொல்கிறது. இந்த விசாவில் இருந்துகொண்டே நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக இடம் தந்தது. ஆறு ஆண்டு வரம்பு முடிந்தாலும், கிரீன் கார்டு வரிசையில் இருப்பவருக்கு விசாவை நீட்டிக்கலாம் என்று 2000-இல் இன்னொரு சட்டம் வந்தது. ‘காத்திரு, அதுவரை வேலை செய்’ என்று சொல்வதற்காகவே எழுதப்பட்ட சட்டம் அது. இன்னொரு வாதம், எந்த அரசும் தன் விதிகளைப் பதின்மூன்று ஆண்டு உறையவைக்க முடியாது என்பது. முழுவதும் உறையவைக்கக் கேட்கவில்லை. குற்றப் பின்னணியையும் பாதுகாப்பையும் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கட்டும். பிள்ளையின் வயதுக் கணக்கு, துணைவரின் வேலை உரிமை, அடிப்படைத் தகுதி ஆகிய மூன்றும் பிரயாரிட்டி டேட் அன்று இருந்த விதிப்படியோ பின்னால் வந்த சாதகமான விதிப்படியோ நிற்கட்டும். யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிக்க அந்தத் தேதியை அரசு நம்புகிறது. யாருக்கு எந்த விதி என்று தீர்மானிக்கவும் அதையே நம்பலாம். பதின்மூன்று ஆண்டு என்பதும் விண்ணப்பித்தவர் உண்டாக்கிய தாமதமில்லை.

உள்ளூர்த் தொழிலாளியின் கூலி குறைகிறது என்ற அமெரிக்கக் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் கூலியை அழுத்துவது வரிசைதான். நிறுவனம் மாறினால் புதிய நிறுவனம் தொழிலாளர் சான்றையும் ஐ-140-ஐயும் முதலிலிருந்து வாங்க வேண்டும். பழைய தேதி மட்டும்தான் கூட வரும். வேலை போனால் கையில் இருப்பது 60 நாள் அவகாசம். இந்தப் பயத்தோடு இருப்பவர் சம்பள உயர்வுக்காக வாதாட மாட்டார். சீக்கிரம் கிரீன் கார்டு கிடைத்தவரோ சக அமெரிக்கரைப் போலவே பேரம் பேசுவார். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் வேறொரு வடிவத்தை ஒருமனதாக ஏற்றது. இரண்டும் ஒன்றாக்கப்படாமலே காலாவதியாயின. தீர்வு தெரியாத பிரச்சினை இல்லை இது.

நம்மூரிலேயே ஒரு முணுமுணுப்பு உண்டு: வரிப்பணத்தில் என்.ஐ.டி.யில் படித்துவிட்டு டாலர் சம்பாதிக்கப் போனவர்களுக்காக ஏன் வருந்த வேண்டும்? அநீதிக்கு வருமான வரம்பு கிடையாது என்பது ஒரு பதில். இன்னொன்று, இழப்பு இங்கேயும் வந்து சேர்கிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், பத்து ஆண்டு கணக்கு நிரம்பாமல் திரும்பும் இந்தியர் அங்கே கட்டிய ஓய்வூதியப் பணத்தை இழக்கிறார். 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக உடன்பாட்டோடு பிரிட்டனிடம் சமூகப் பாதுகாப்புக்கான இரட்டைப் பங்களிப்பு விலக்கை மூன்று ஆண்டுக்கு டெல்லி பேசிப் பெற்றது. அதுபோல, அமெரிக்காவுடன் பேசும்போது எத்தனை விசா என்ற எண்ணிக்கைப் பேரத்தோடு நிற்காமல், வரிசையில் இருப்பவர்களுக்குப் பழைய விதி என்ற ஒரே நிபந்தனையைக் கேட்கலாம். கூடுதலாக ஒரு விசாவும் தரத் தேவையில்லாத கோரிக்கை அது. எந்த அரசியல்வாதியும் தன் வாக்காளருக்கு அஞ்சாமல் ஒப்புக்கொள்ளக்கூடியது.

அதைக் கேட்கும் முன் திருச்சி விமான நிலையத்துக்கு அருகில் கொட்டப்பட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். 1983-க்குப் பின் வந்த இலங்கைத் தமிழர்களும், இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களும் வாழும் முகாம் அங்கே இருக்கிறது. அவர்கள் வந்து இருபது ஆண்டுக்குப் பிறகு, 2003-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம், உரிய ஆவணமின்றி நுழைந்தவர் பதிவு மூலமோ நீண்டகால வசிப்பு மூலமோ குடியுரிமை கேட்கும் வழியை அடைத்தது. அந்தச் சட்டம் அமலான 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த அவர்கள் குழந்தைகளுக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் உரிய ஆவணமின்றி வந்தவர் என்றால் பிறப்புரிமை இல்லாமல் போனது. நடுவழியில் மாறிய விதி இதுவும்தான். 2019 ஜூனில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம், மனுச் செய்த 65 பேரின் விண்ணப்பங்களைப் பெற்று 16 வாரத்தில் முடிவெடுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு தந்து ஓர் ஆணை வெளியானது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியை அது திறக்கவில்லை. வாஷிங்டனிடம் எதைக் கேட்கிறோமோ அதை டெல்லி முதலில் கொட்டப்பட்டில் செய்யலாம். அவர்கள் முகாமில் பதிவான நாளையே பிரயாரிட்டி டேட்டாகக் கொண்டு, 2003-க்கு முந்தைய விதிப்படி விண்ணப்பங்களை வாங்கத் தொடங்க வேண்டும்.